ஒரு புல்விதை
அர்ஜெண்டைனா தேசத்தின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்தில், அண்டார்க்டிகா செல்லும் கப்பலுக்காக மாணவர்களுடன் காத்திருந்தோம். டிரேக் ஜலசந்தியைக் கடக்க இரண்டு நாளாகும். கம்பளி உடைகள் வாங்கியதோடு ஏற்பாடுகள் முடிந்தன என்றே எண்ணினோம். மெய்யான வேலை அப்புறந்தான் ஆரம்பமாயிற்று. சட்டைப் பைகளிலும் பாதரட்சைகளிலும் ஒரு விதைகூட இல்லாதபடி துப்புரவு செய்ய வேண்டும் என்றார்கள்.

ஒரு மாணவி தன் மேலங்கி மடிப்பிலிருந்து புல்விதை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"பனிக்கட்டியில் இது முளைக்குமா, ஸார்?"

"அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் 1950-க்குப் பின் உஷ்ணம் சுமார் 3 டிகிரி ஏறியிருக்கிறது. அதையொட்டிய தீவொன்றில் அயல்நாட்டுப் புல் வேரூன்றியும் விட்டது" என்றோம்.

"அப்படியானால், நம் கப்பல் கக்கும் புகையை எதைக் கொண்டு துடைப்பது?"

இருபது வருஷம் பாடம் சொன்ன நமக்கு விடை தெரியவில்லை. விதையைக் கரையிலேயே விட்டோம். கேள்வியோ நம்முடன் கப்பலேறியது.