பழைய எஞ்ஜினும் புது மூளையும்

நாற்பத்தாறாவது வயதில் பொம்மை ரயில் எஞ்ஜின் ஒன்று வாங்கினேன். இதை வெளியே சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ரகசியம் ஏது? வீட்டில் நடந்ததை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டாரிடம் திட்டு வாங்குவது என் தொழிலோடு கூடப் பிறந்த வியாதி.

வாங்கிய இடம் இங்கிலாந்து. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆண்டு 2023. என் தங்கை அங்கே குடித்தனம் செய்கிறாள். அம்மா காலமான பிறகு, ஆறு மாத விசாவில் அப்பாவை அங்கே அழைத்துப் போயிருந்தாள். நாலாவது மாதம் எனக்குப் போன் வந்தது. "அண்ணே, அப்பா சாப்பிடறாரு, தூங்கறாரு. பேச்சு மட்டும் இல்லே. ஜன்னல் பக்கம் உக்காந்தா உக்காந்த இடம்தான். நீ ஒரு நடை வந்து பாரு."

போனேன். பார்ப்பதற்கு மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையில் ஒரு பத்திரத்தின் நகல் இருந்தது. பொன்மலைப்பட்டி வீட்டை விற்றுவிடுவது, அப்பா இனிமேல் சென்னையில் என்னோடு இருப்பது என்று நானும் தங்கையும் போனிலேயே முடிவு செய்திருந்தோம். அப்பாவிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று, கதைகளில் மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவனான எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1968-ல் சேர்ந்து 2006-ல் ஓய்வு பெற்றவர். முப்பத்தெட்டு வருஷம் காலையில் சங்கு ஊதும் முன்னே வீட்டைவிட்டுக் கிளம்பிய மனிதர், இப்போது மேல்நாட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தங்கைக்கு ஒரே பையன், வயது பதின்மூன்று. மாடியில் அவன் அறையில் கட்டிலைத் தவிர மீதி இடமெல்லாம் தண்டவாளம். ஒருநாள் அவன் புது நீராவி எஞ்ஜின் ஒன்றை ஓட்டிக்காட்டினான். அதற்குள்ளேயே ஒரு ஒலிபெருக்கி. 'குப், குப்' என்று மூச்சு விடுகிறது, விசில் ஊதுகிறது. அப்பாவையும் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

"சத்தம் தப்பு."

மூன்று மாதத்தில் அவர் தாமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்னப்பா தப்பு?"

"ரெண்டு சிலிண்டர் எஞ்ஜின் சக்கரம் ஒரு சுத்துக்கு நாலு மூச்சு விடணும். இது ரெண்டரை விடுது."

நான் மொழிபெயர்த்தேன். பையன் குனிந்து சக்கரத்தைப் பார்த்து எண்ணினான். அவன் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த கருவியில் ஏதோ எண்களைத் தட்டினான். மறுபடி ஓட்டினான். சுற்றுக்கு நாலு. தாத்தாவை அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில், அதுவரை அவர் வீட்டில் ஒரு நாற்காலியாக இருந்தார் என்பதும், இப்போதுதான் மனிதரானார் என்பதும் தெரிந்தது.

எண்களைத் தட்டினால் எஞ்ஜின் எப்படிக் கேட்கிறது என்று பையனிடம் பாடம் கேட்டேன். பழைய பொம்மை ரயிலில் தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை மின்சாரம் விடுவார்கள். கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு, திசையை மாற்றினால் பின்னோட்டம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்து ஓடும். புது முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஒரு விநாடிக்குள் பல்லாயிரம் தடவை அது திசை மாறும். அந்த மாற்றம் குறுகியதா நீண்டதா என்பதுதான் பாஷை. குறுகியது ஒன்று, நீண்டது சுழி. எஞ்ஜினுக்குள் தபால்தலை அளவில் ஒரு சில்லு இருந்து, தன் நம்பரைச் சொல்லி வரும் கட்டளையை மட்டும் கேட்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியில் லென்ஸ் என்ற நிறுவனம் 1980-களில் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொது விதியாக்கிவிட்டதால், யார் செய்த சில்லும் யார் செய்த கருவியின் பேச்சையும் கேட்கும்.

"பழைய எஞ்ஜினுக்கும் இதை வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் மாமா. ஆனா கஷ்டம்," என்றான்.

கஷ்டம் என்ற சொல் என் காதில் விழவில்லை. அப்பாவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்பது மட்டும் மனத்தில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய பொம்மைச் சந்தை. நம் ஊர் ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, அங்கே கிழவர்கள் எஞ்ஜினைக் கவிழ்த்து வயிற்றைப் பார்க்கிறார்கள். என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது ஈயம் கலந்திருந்தால், வருஷங்கள் கழித்து அது தானே உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். அப்படிப்பட்டதற்கு வைத்தியமே இல்லை. அதற்கடுத்தது சக்கரம். பழைய சக்கரங்களுக்கு விளிம்பு தடிமன். இன்றைய தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் இடறும். நேரே போகவும் வளைந்து வரவும் மட்டும் தடையில்லை.

நான் வாங்கியது ட்ரையாங் என்ற கம்பெனி 1950-களில் செய்யத் தொடங்கிய 'ஜின்ட்டி' எஞ்ஜின். ஆறு சக்கரம், கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் 47606 என்று நம்பர். அசல் ஜின்ட்டிகள் 1924 முதல் 1931 வரை 422 கட்டப்பட்டவை. நிலையத்தில் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் கூலிக்கார எஞ்ஜின்கள். இந்தப் பொம்மைகளின் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. உடம்பு அசலில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாளமோ 87-ல் ஒரு பங்குக்கு உரியது. இங்கிலாந்து எஞ்ஜின்கள் சிறிய ஆகிருதி. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்காததால் உடம்பை மட்டும் கொஞ்சம் பெருக்கிவிட்டார்கள். தண்டவாளம் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சட்டை மாற்றாத மாப்பிள்ளை மாதிரி, ஊரே அதற்குப் பழகிவிட்டது.

எஞ்ஜின் 18 பவுன். அதற்கு வைக்கும் சில்லு 24 பவுன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றாள் தங்கை.

அன்றிரவு எல்லோரும் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. காலையில் ஓடுகிற எஞ்ஜினை அப்பா முன் நிறுத்தி அவரைத் திகைக்க வைக்கவேண்டும் என்று ஆசை. புத்தி எங்கே போயிற்றோ! மோட்டாரைப் பிரித்தேன். காந்தத்தை வெளியே எடுத்துத் துடைத்தேன். சில்லின் கம்பிகளை, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு என்று படத்தில் கண்டபடி பற்றவைத்தேன். மின்சாரம் கொடுத்தேன். ஒரு பொட்டுப் புகை வந்தது. நீராவி எஞ்ஜினல்லவா, புகை வருவது இயற்கை என்று கூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு மூக்கு உண்மையைச் சொல்லிற்று. 24 பவுன் கருகிவிட்டது.

காலையில் அப்பா சமையலறை மேஜைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எஞ்ஜினைக் கையில் எடுத்தார். கை நடுங்கிற்று, எஞ்ஜினைப் பிடித்ததும் நடுக்கம் கொஞ்சம் அடங்கிற்று.

"காந்தத்தை வெறுமனே வெளியே எடுத்தியா?"

"ஆமாம்பா."

"குறுக்கே இரும்பு வச்சில்ல எடுக்கணும்? பழைய காந்தம், பாதி வலுப் போயிருக்கும்." எஞ்ஜினைக் கவிழ்த்தார். "இதைப் பாரு. ரெண்டு கார்பனையும் ஒரே ஸ்பிரிங் அழுத்துது. ஒரு கைக்கு உறை இருக்கு. இன்னொரு கை சும்மா இருக்கு. அது வழியா மோட்டாரு உடம்போட ஒட்டியிருக்கு. உடம்பு தண்டவாளத்தோட ஒட்டியிருக்கு. பிரிக்காம புதுசை வச்சா எரியாம என்ன செய்யும்?"

மூன்று மாதமாக ஊமையாக இருந்தவர் பேசிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது சில்லு வந்தது. கூடவே 1980-களில் கண்டுபிடித்த நியோடிமியம் வகையில் ஒரு புதுக் காந்தமும் வந்தது. ஒரு மின்கம்பியின் மேலுறையைக் கீறி எடுத்து, ஸ்பிரிங்கின் வெறும் கையில் மாட்டச் சொன்னார் அப்பா. அவர் கையால் முடியவில்லை. பையன் மாட்டினான். தாத்தாவுக்கு ஆங்கிலம் இல்லை. பேரனுக்குத் தமிழ் பாதி. 'இங்கே', 'மெல்ல', 'போதும்' என்ற மூன்று சொற்களில் வேலை முழுவதும் நடந்தது. மோட்டாருக்கும் சட்டத்துக்கும் இடையில் மின்சாரம் போகவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் சில்லைத் தொட அனுமதித்தார். பழைய காந்தத்தோடு ஓடும்போது முக்கால் ஆம்பியர் இழுத்த மோட்டார், புதுக் காந்தத்தில் அரை ஆம்பியருக்குள் அடங்கிற்று.

பற்றவைத்த சூடு ஆறும்வரை காத்திருந்தபோது, நான் கேட்காமலே ஒரு விஷயம் சொன்னார்.

"தொண்ணூறுகள்ல நீராவி போயிட்டுது. என்னை டீசல் பக்கம் மாத்தினாங்க. நாப்பத்தெட்டு வயசு. இருபத்திரண்டு வயசுப் பையன் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தான். ராத்திரியெல்லாம் கூடத்துல உக்காந்து படிப்பேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. அதே கூடத்தில், அதே விளக்கில், நான் நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஊட்டி மலை எஞ்ஜினைக் கரியிலேருந்து எண்ணெய்க்கு மாத்தணும்னாங்க. திரும்ப எங்களைத்தான் கூப்பிட்டாங்க. பழைய கொதிகலனைத் தெரிஞ்சவங்க நாலு பேருதான் மிச்சம். புதுசை வைக்கறதுக்குப் பழசைத் தெரிஞ்சவன் வேணும்ல? நான் வெளியே வந்தப்புறம், 2011-ல எண்ணெய்ல ஓடற நீராவி எஞ்ஜினையே பொன்மலையில புதுசாக் கட்டினாங்க." சற்று நிறுத்தினார். "மாத்தறது தப்பில்லடா. எது எதோட ஒட்டியிருக்குன்னு பார்த்துட்டு மாத்தணும். அவ்வளவுதான்."

எஞ்ஜினைப் பற்றித்தான் சொன்னார். என் பையில் இருந்த பத்திரத்தைப் பற்றிச் சொன்னதாக எனக்குக் கேட்டது.

எஞ்ஜின் ஓடிற்று. அறுபது வருஷத்துக் கிழ எஞ்ஜின், முதலில் ஒரு திணறல், பிறகு எறும்பு ஊர்வது போல மெதுவாக, நிற்காமல் ஊர்ந்தது. பழைய முறையில் அப்படி ஊராது. தவளை போலத் தாவும் என்றான் பையன். கடையிலிருந்து வரும் சில்லுக்கெல்லாம் நம்பர் 3 என்றுதான் இருக்குமாம். நாம் வேறு நம்பர் கொடுக்கவேண்டும். உடம்பில் எழுதிய நம்பரின் கடைசி நாலு எண்களை வைப்பது வழக்கம். பையன் '7606' என்று தட்டப் போனான். அப்பா அவன் கையைப் பிடித்தார்.

"ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஆறு."

பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து தங்கைதான் வந்து சொன்னாள்: "அது அப்பாவோட பட்டறை டிக்கெட் நம்பர். சம்பளக் கவர்ல இருக்கும். உனக்கு ஞாபகம் இல்லியா அண்ணே?"

எனக்கு ஞாபகம் இல்லை. சம்பளக் கவரைப் பிரித்துப் புத்தகம் வாங்கக் காசு கேட்ட ஞாபகம் இருக்கிறது.

விசா முடிந்து அப்பாவை அழைத்து வந்தேன். திருச்சியில் இறங்கிப் பொன்மலைப்பட்டி வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, சமையலுக்கு ஓர் அம்மாளை ஏற்பாடு செய்து, இரவில் துணைக்குப் படுக்க ஓர் ஆளையும் வைத்தேன். இது எத்தனை நாள் நடக்கும் என்று சொல்ல முடியாது. தங்கைக்குக் கவலைதான், எனக்கும்தான். பத்திரத்தின் நகல் இன்னும் பையிலேயே இருக்கிறது.

ஜின்ட்டி இங்கிலாந்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் போன் செய்வான். நான் அங்கே இருக்கும் சமயங்களில் கேட்டிருக்கிறேன். அப்பா சௌக்கியம் விசாரிப்பதில்லை. மழை, வெயில் கேட்பதில்லை. எடுத்தவுடன் ஒரே கேள்விதான்.

"எண்ணெய் விட்டியா? ஒரு சொட்டுதான் விடணும், ஆமா."