வேதாளம் கேட்டுவிட்டுப் போனது

டொராண்டோ

அன்புள்ள மதுரைத் திருநகர் நண்பர்களுக்கு,

இங்கே அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டு வாசல்தோறும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்கும். குழந்தைகள் தொலைக்காட்சிக்கும் பேய் பிடித்துவிடும். ஹாலோவீன் என்று பெயர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பயமுறுத்துவதை ஒரு முழுநேரத் தொழிலாகவே இந்தக் கண்டத்தில் வளர்த்திருக்கிறார்கள். அதில் நல்ல சரக்கும் உண்டு, மட்டமான சரக்கும் உண்டு. நல்லவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்து வரிசையில் வைத்தாலும், சிறுவர்களுக்கான பேய்த்தொடர்களில் என் முதல் இடம் 1985இல் தூர்தர்ஷனில் வந்த ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடருக்குத்தான். படப்பிடிப்பிலோ தந்திரக் காட்சிகளிலோ அது முந்தியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அது பிள்ளையைப் பயமுறுத்தியதோடு நிற்காமல் அவன் கையில் ஒரு வேலையையும் கொடுத்தது. மற்றவை பயமுறுத்திவிட்டு, விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்கின்றன. அந்த வேலை என்ன என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

தெரியாத இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ராமானந்த் சாகர் எடுத்த இந்தித் தொடர் அது. மொத்தம் 26 பகுதிகள், ஞாயிறு மாலையில் வந்தது, பகுதிக்கு ஒரு கதை. விக்ரமாதித்தனாக அருண் கோவில், வேதாளமாக சஜ்ஜன். 1987இல் தொடங்கிய சாகரின் ராமாயணத் தொடரின் நடிகர் பட்டாளத்தில் பலரை இதிலேயே பார்த்துவிடலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டு நாடே வணங்கிய ராமர், அதற்கு முன்பு முதுகில் பிணம் சுமந்து திரிந்தவர். காட்சி இப்படிப் போகும்: சுடுகாடு, இருட்டு, புகை. கையில் வாளோடு ராஜா வருவார், மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கி முதுகில் போட்டுக்கொள்வார். நீண்ட வெள்ளை முடியை விரித்துப் போட்ட வேதாளம் அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போல, வழிப்பேச்சுக்கு ஒரு கதையை எடுத்துவிடும். கதை முடிந்ததும் கேள்வி. பதில் தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் அவர் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ, பேசக்கூடாது என்ற நிபந்தனை முறிந்துபோகும், வேதாளம் சிரித்துக்கொண்டே மறுபடியும் மரம் ஏறிவிடும். அடுத்த வாரமும் அதே சுடுகாடு, அதே மரம்.

பயம் இருப்பது சட்டகத்தில். அதற்குள் சொல்லப்படும் கதையோ பெரும்பாலும் வழக்குதான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்த வரிசை முழுசாகக் கிடைக்கிறது. நான்கு சகோதரர்கள் ஆளுக்கொரு வித்தை கற்றுவந்து காட்டில் சந்திக்கிறார்கள். கிடைத்த எலும்புத் துண்டுக்கு ஒருவன் சதை ஊட்டுகிறான், இன்னொருவன் தோலும் மயிரும் தருகிறான், மூன்றாமவன் உறுப்புகளைச் சேர்க்கிறான், நான்காமவன் உயிர் கொடுக்கிறான். எழுந்தது சிங்கம். நால்வரையும் தின்றுவிட்டுப் போகிறது. இதில் பேய் கிடையாது, பயங்கரம் நிறையவே உண்டு. வேதாளம் கேட்பது: இந்தக் கொலைக்கு யார் பொறுப்பு? ராஜாவின் பதில்: உயிர் கொடுத்தவன். மற்ற மூவருக்கும் அது என்ன மிருகம் என்று தெரியாது. கடைசியில் நின்றவன் சிங்கத்தை முழு உருவத்தில் கண்ணால் பார்த்தான், பார்த்த பிறகும் வித்தையைக் காட்டினான். தெரியாமல் செய்வதையும் தெரிந்தே செய்வதையும் எடை போடச் சட்டக் கல்லூரியில் என்னென்னவோ பாடம் வைக்கிறார்கள். இங்கே ஒரு பிணம் அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது. அந்தப் பிள்ளையும் ராஜாவுக்கு முன்னால் தானே பதில் சொல்லிவிடத் துடிக்கிறது. நான் சொன்ன வேலை இதுதான். திகில் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. நிமிர்ந்தவனிடம் ஒரு வழக்கை ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ராஜா ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் தோற்றுத்தான் போகிறார். சரியான பதிலுக்குப் பரிசு ஏதும் இல்லை, சுடுகாட்டுக்கு இன்னொரு நடைதான் கூலி. விடை சொன்னால் மதிப்பெண், மதிப்பெண் வந்தால் மிட்டாய் என்று பழகிய பிள்ளைக்கு இது முற்றிலும் புதிய கணக்கு. தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கினால் தலை போகும், சொன்னால் காரியம் கெடும், இருந்தாலும் மனிதர் சொல்லித் தொலைக்கிறார். சிறுவர் தொலைக்காட்சியில் இவ்வளவு கடுமையான ஒரு நிபந்தனையை வேறு எவரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்குள்ளவர்களின் பெருமைக்குரிய தொடரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ஆர் யூ அஃப்ரைட் ஆஃப் த டார்க்?’ 1990இல் கனடாவில்தான் முதலில் ஒளிபரப்பானது. காட்டில் நெருப்பு மூட்டிச் சில பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். தங்களுக்கு ‘நள்ளிரவுக் கழகம்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். கதை சொல்பவர் ஒரு கைப்பிடிப் பொடியை நெருப்பில் வீசுவார், சுவாலை எழும், கதை தொடங்கும். பிள்ளைக்குப் பிள்ளைதான் கதை சொல்கிறது, பெரியவர்களுக்கு அங்கே வேலையில்லை. அருமையான ஏற்பாடு. ஆனால் கதை முடிந்ததும் நெருப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆர். எல். ஸ்டைனின் புத்தகங்களிலிருந்து 1995இல் வந்த ‘கூஸ்பம்ப்ஸ்’ தொடரின் வழக்கம் வேறு. கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைத்து, ஆபத்து தீரவில்லை என்று காட்டி முடிக்கும். ஒன்று நெருப்பை அணைக்கிறது, மற்றது மிச்சத் தீயை ஊதிவிடுகிறது. இரண்டுமே பார்த்த பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை.

2019 அக்டோபரில் நிக்கலோடியன் அந்தப் பழைய தொடரை மூன்றே பகுதிகளில் புதுப்பித்தது. பள்ளிக்குப் புதிதாக வந்த ரேச்சல் என்ற பெண், கழகத்தில் சேருவதற்காக ஒரு திகில் திருவிழாக் கதையைச் சொல்கிறாள். மறுநாள் அவள் சொன்ன திருவிழாவே ஊருக்குள் வந்து கூடாரம் போடுகிறது. உயரத் தொப்பிக்காரன் ஒருவன் அதை நடத்துகிறான். அவன் வரும் இடங்களெல்லாம் நேர்த்தியாக எடுக்கப்பட்டிருக்கின்றன, பயமாகவும்தான் இருக்கின்றன. ஆனால் கதை சொன்னவர்களே கதைக்குள் மாட்டிக்கொண்டதால், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. பல கதைகளின் தொகுப்பு என்ற அடையாளமும் போய், யார் தப்பிப்பார் என்ற ஒரே கவலைதான் மிஞ்சுகிறது. சட்டகத்தை உடைப்பதே தப்பு என்று நான் வாதாடவில்லை. வேதாளக் கதையிலும் அது உடைகிறது. ஒவ்வொரு முறையும் பதில் சொன்ன ராஜா கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் வாயடைத்து நடக்கிறார். அப்போதுதான் வேதாளம் மனமிரங்கி, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன துறவி உன்னையே பலி கொடுக்கப் பார்க்கிறான் என்று உண்மையைச் சொல்கிறது. அதுவரை பயமுறுத்திய பேய் காப்பாற்றுகிறது, கும்பிட்டு நின்ற சாமியார் கொலைகாரன் ஆகிறான். அத்தனை சுமைக்குப் பிறகு வருவதால் அந்தத் திருப்பம் செல்லுபடியாகிறது. முதல் நாளே உடைத்துவிட்டால் உடைவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பிணமும் சுடுகாடும் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எந்தப் பயம் பிள்ளையைக் குலைக்கும், எந்தப் பயம் பழகிப்போகும் என்று திருநகர்க்காரர்களுக்கு நான் கடல் தாண்டி நின்று சொல்ல வேண்டியதில்லை. சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடித் தாமரைக்குளத்தின் பக்கம் அய்யனாரும் கருப்பும் நிற்கிறார்கள். பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை, கையில் அரிவாள். பிள்ளைகள் பயப்படத்தான் செய்கிறார்கள். ஆனால் கருப்பு எங்கே நிற்பார், எப்போது அவருக்குக் கொண்டாட்டம், அவர் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு விழியை மனிதக் கை தூரிகையால் தீட்டுவதை சிலைகள் செய்யும் விளாச்சேரியில் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். இடமும் வேளையும் தெரிந்த பயம் ஆளைத் தின்னாது. வேதாளமும் இந்த ரகம்தான். மூன்றாவது வாரத்தில் பிள்ளைக்கு அதன் வருகை, சிரிப்பு, பறந்து போகும் விதம் எல்லாம் மனப்பாடம். நான்காவது வாரத்தில் அது வரத் தாமதித்தால்தான் கோபம் வரும்.

இதற்கு எதிர்க்கட்சியும் மதுரையிலேயே இருக்கிறது. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ 1997இல் சன் டிவியில் வந்தது. அது சிறுவர்களுக்காக எடுக்கப்பட்டதல்ல. ஆனாலும் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து அதைப் பார்த்தார்கள், இன்று நாற்பதை நெருங்கிக்கொண்டு அதைப் பற்றியே பேசுகிறார்கள். வேதாளத்தைவிட அதுதானே மனதில் நின்றது என்று கேட்டால், நின்றது உண்மைதான். தமிழ்த் தொலைக்காட்சி அதற்குப் பிறகு அந்தத் தரத்துக்கு எத்தனை முறை ஏறியது என்பது வேறு வழக்கு. ஆனால் எது நின்றது என்று பாருங்கள். குதிரைக் குளம்பொலி, இருட்டில் ஓர் உருவம், தண்டிப்பது சாமியா மனிதனா என்ற பதைப்பு. ஒரே கதை வாரக்கணக்கில் நீள, ஒவ்வொரு வாரமும் பயத்தின் உச்சியில் அறுத்து நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கு அதுவே சுவை. பிள்ளைக்கோ, அவிழாத பயத்தை ஏழு நாள் தனியாகச் சுமக்கும் தண்டனை. கருப்பு பயமுறுத்தியதைவிட ‘தொடரும்’ பயமுறுத்தியது அதிகம்.

இந்தியில் வந்ததை இவன் ஏன் நம்முடையதுபோல் பேசுகிறான் என்று சிலருக்குத் தோன்றலாம். சென்னையில் 1947இல் பிறந்த அம்புலிமாமா இதழை நினைத்துக்கொண்டால் போதும். வேதாளத்தின் இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் அந்த ஆசிரியர் குழு விடவில்லை, அதே சட்டகத்துக்குள் புதுக் கதைகளைப் பல பத்தாண்டுகள் ஏற்றிக்கொண்டே போனது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் ராஜாவை இந்தியாவின் பல மொழிப் பிள்ளைகள் கண்ணில் பதித்தவர், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்த ஓவியர் சங்கர். தொலைக்காட்சி விக்ரமனைப் பார்க்கும்போது சங்கரின் படத்துக்கு உயிர் வந்ததுபோல் தோன்றினால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

எனக்கே பதில் சொல்லக் கஷ்டமான ஆட்சேபம் வேறொன்று. ராஜாவின் தீர்ப்புகள் ராஜாக்கள் காலத்துத் தீர்ப்புகள். தலை மாறிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் கோயிலில் ஒரு பெண்ணின் கணவனும் சகோதரனும் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். அம்மன் அருளால் உயிர்ப்பிக்கும் பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? தலை எவனுடையதோ அவனே, உறுப்புகளில் தலைதானே தலைமை என்று ராஜா ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார். அவளை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. இன்றைய பிள்ளைக்கு இதை அப்படியே ஊட்டலாமா? கூடாது. ஆனால் காலாவதியானது பதில், கேள்வி அல்ல. 1940இல் தாமஸ் மன் இந்தக் கதையை ஜெர்மன் மொழியில் குறுநாவலாக்கினார். அதையொட்டி கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் ‘ஹயவதனா’ நாடகத்தை எழுதியபோது, அந்தப் பெண்ணின் ஆசையை நடுமேடையில் நிறுத்தினார், தலைக்கே முதலிடம் என்ற தீர்ப்பை ஆட்டம் காண வைத்தார். ராஜாவோடு முரண்பட வேதாளக் கதை எப்போதும் இடம் விட்டிருக்கிறது. கேட்டவர் பேய், சொன்னவர் மனிதர், இருவரில் எவரும் கடவுளில்லை. சாகரின் தொடரில் குறை என்றால் இங்கேதான். கேள்வி விழுந்த அடுத்த கணமே அருண் கோவில் புன்னகை மாறாமல் தீர்ப்பு வழங்கிவிடுகிறார். பிள்ளை யோசிக்கப் பத்து விநாடிகூடக் கிடைப்பதில்லை. பின்னாளில் ராமராகப் போகிறவர் சொல்லும்போது எதிர்த்துப் பேச யாருக்கு மனம் வரும்?

ஆகவே இன்று சென்னையிலோ மதுரையிலோ யாராவது இதைத் தமிழில் மறுபடி எடுத்தால், தந்திரக் காட்சிக்குக் கொட்டுகிற காசில் பாதியைக் கதை வசனத்துக்குக் கொடுக்கட்டும். கேள்வியோடு அந்த வாரத்தை நிறுத்தட்டும், ராஜாவின் பதில் அடுத்த வாரம் வரட்டும். பயத்தைத்தான் தொங்கலில் விடக்கூடாது, கேள்வியைத் தாராளமாக விடலாம். ஒரு பகுதி பார்த்து முடிக்கும் முன்பே அடுத்ததைத் தள்ளிவிடும் இன்றைய ஓடிடி தளங்கள் இதற்கு எளிதில் ஒப்பாது என்று தெரிந்துதான் சொல்கிறேன். ராஜா வாயடைத்துப்போன அந்தக் கடைசிப் புதிரையும் பெரியவர்கள் சமாச்சாரம் என்று வெட்டிவிட வேண்டாம். தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதக்காரி தகப்பனுக்கு, சின்னப் பாதக்காரி மகனுக்கு என்று ஒப்பந்தம். போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் தாயுடையது. சொன்ன சொல் தவறாமல் தகப்பன் மகளையும் மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைகள் ஒன்றையொன்று என்ன முறை சொல்லிக் கூப்பிடும்? விக்ரமாதித்தனுக்கு விடை தெரியவில்லை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மூன்று தலைமுறை முறையை மூச்சு விடாமல் சொல்லும் அப்பத்தாக்கள் திருநகர்க் கல்யாண மண்டபங்களில் இன்னும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருநகரை விட்டு வந்தவன்