யார் பொறுப்பு?

எங்கள் குடும்பத்தில் தனியாகப் பஸ் ஏறிய முதல் பெண் ஆச்சிதான். சின்ன வயதிலேயே தாத்தாவை இழந்து, சேகரத்தில் பைபிள் உமன் வேலைக்குச் சேர்ந்தவள். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், பெண்களுக்கு எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் செம்மண்ணில் நடைதான். மத்தியான மணல் செருப்பையும் மீறிச் சுடும்.

போன வீட்டில் ஆச்சி உடனே வேதத்தைத் திறக்கமாட்டாள். "என்னட்டி, மொகம் வாடிக் கெடக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். கருப்பட்டி காய்ச்சிப் புகையில் கண் சிவந்த பெண்கள் பேசத் தொடங்குவார்கள். புருஷன் குடித்துவிட்டு அடித்தது, பிள்ளை இல்லையென்று மாமியார் சொன்ன சொல், அடகில் போன கம்மல். ஒரு மணி நேரம் கேட்பாள். ஜெபம் இரண்டு நிமிடம். ஊழியம் என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது இந்தத் திண்ணைகளில்.

கோயிலிலும் எனக்கு இடம் இருந்தது, ஒரு வயதுவரை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் பரிசு வருடா வருடம் வாங்கினேன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டுக்கு முன்னால் நின்று கையசைத்தேன். பதின்மூன்று வயதில் பெரியவளானேன். அந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் லாரியில் எனக்கு இடமில்லை. சுருதி சேராத என் தம்பி ஏறினான். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் தெருவுக்கு லாரி வரும்போது காப்பி போட்டு வைத்திருப்பது எங்கள் வேலை.

ஆச்சி கமிட்டிக்காரர்களிடம் போய்க் கேட்டாள். "பொம்பளப் புள்ளைய ராத்திரில யாரு பொறுப்பெடுத்துக் கூட்டிட்டுப் போறது?" என்றார் ஒருவர். "நான் நாப்பது வருசமா தேரில நடக்கேன். எனக்கு யாருய்யா பொறுப்பெடுத்தா?" என்றாள் ஆச்சி. அவர்களிடம் பதில் இல்லை. அனுமதியும் கிடைக்கவில்லை.

அவள் கேள்விக்கான பதிலைப் பிறகு நான் வரலாற்றில் தேடினேன். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்திலேயே ஊர்விட்டு ஊர் வந்த ஒரு பெண் இருக்கிறார். தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவை கிளாரிந்தா. 1778இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயற்சியில் பாளையங்கோட்டையில் எழுந்த கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. நூறு வருடம் கழித்து, 1890களின் பிற்பகுதியில், ஏமி கார்மைக்கேலுடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போன பெண்கள் குழுவில் பொன்னம்மாள் இருந்தார். அவரும் இளம் விதவை. இந்த வரிசையில்தான் என் ஆச்சியும் வருகிறாள். ஆண் ஊழியர்கள் நுழைய முடியாத அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் போகச் சபைக்குப் பெண்களின் கால்கள் தேவைப்பட்டன. வீட்டில் கேட்பாரில்லாத விதவைகளை அனுப்புவது எளிதாகவும் இருந்தது. நடக்க விட்டார்கள். தீர்மானம் எடுக்கும் நாற்காலியில் உட்கார விடவில்லை. சபைக்கு வேலை ஆகவேண்டிய இடத்தில் மட்டும் பெண்ணின் பயணத்துக்கு யாரும் பொறுப்புக் கேட்பதில்லை.

கல்லூரியில் படிக்கும்போது மாணவர் முகாமுக்காக மதுரைக்குத் தனியாக ரயில் ஏறினேன். அங்கே இறையியல் படிக்கும் பெண்கள் திருவிருந்து ஆராதனையில் பிரசங்கம் செய்தார்கள். இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து, வேதத்தில் பெயரில்லாமல் வருகிற பெண்களைப் பற்றி விடியும்வரை பேசினோம். திரும்பி வரும்போது முடிவுசெய்துவிட்டேன், இந்த வேலைதான் எனக்கு என்று.

இப்போது ஒரு சபையில் வாலிபப் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறேன். வேதபாடம் உண்டு, பாட்டு உண்டு. ஆனால் என் முதல் பாடம் பஸ் ஸ்டாண்டில். எந்த பஸ் எங்கே நிற்கும், கண்டக்டரிடம் மீதிச் சில்லறையை எப்படிக் கேட்டு வாங்குவது, பக்கத்தில் உரசுபவனை எப்படிச் சத்தம்போட்டு எழுப்புவது. வருடத்துக்கு ஒரு முகாம், கட்டாயம் இரவு தங்கல். இடம் பார்க்கப் போனால் பிரசங்க மேடைக்கு முன்னால் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட வாளி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அம்மாக்களை வீட்டில் போய்ச் சந்தித்து அனுமதி கேட்கிறேன். பாதி வீடுகளில் மகள் புறப்படுவதற்குள் அம்மா தான் போகமுடியாமல் போன ஊர்களைச் சொல்லி முடித்துவிடுவார். அந்த நேரத்தில் நானும் ஆச்சிபோல வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கள் பக்கம் ஆயரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பொம்பள ஐயர் வந்தா அவங்க வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிடணும்?" எல்லோரும் சிரித்தோம். அந்தச் சொல்லே நம்மிடம் இல்லையே என்று பிறகு தோன்றியது.

பெண்பிள்ளைகள் இரவு ஒன்பது மணிவரை கேரல் லாரியில் வரலாம் என்று எங்கள் கமிட்டி இந்த வருடம் அனுமதித்திருக்கிறது. ஒன்பதுக்குள் மூன்று தெரு முடியும். ஊரில் இருப்பது பதினெட்டுத் தெரு. விடியும்வரை உடன் வருகிறோம் என்று நாங்கள் நான்கு பெண்கள் கமிட்டிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம். பொறுப்பாளர் என்ற இடத்தில் நான்கு கையெழுத்து.