ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய்

அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் அத்தா தம் நண்பரோடு சதுரங்கம் ஆடுவார்கள். நாட்டுமுறை ஆட்டம் அது. முதல் நகர்விலும் சிப்பாய் ஒரு கட்டமே செல்லும். கல்லூரியில் சேர்ந்து, ஆட்டத் தொடக்கங்களைப் பற்றிய நூலொன்றைப் படித்துவிட்டு வந்த நான், "இது ஆட்டமே இல்லை அத்தா, உலகமே ரெண்டு கட்டம் போகுது" என்று நண்பர் முன்னிலையிலேயே கூறிவிட்டேன். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. காய்களைப் பெட்டியிலிட்டு மூடினார்கள். அதன்பின் என்னோடு அவர்கள் ஆடியதேயில்லை.

மீர் சுல்தான் கானின் ஆட்டமொன்றை அண்மையில் காய்களைப் பரப்பி ஆடிப் பார்த்தேன். (தமிழாசிரியனுக்கு இது எதற்கு என்பார் சிலர், அவர்களுக்கு விடையில்லை.) பஞ்சாபில் பிறந்த அவர், தந்தையிடம் கற்றதும் நாட்டுமுறையே. மேலைச் சட்டங்களைப் பின்னரே பயின்றார். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவரை எதிர்கொண்டவர் முன்னாள் உலகச் சாம்பியன் காப்பபிளாங்கா. அவர் கையாண்ட தொடக்கத்தின் பெயர்தான் வியப்பு: 'ராணியின் இந்தியத் தற்காப்பு'! இந்தியரை எதிர்த்து இந்தியப் பெயருடைய ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான், ஐந்தாம் நகர்வில் இடக்கோடிச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். எதிரியின் மந்திரி வந்து தம் குதிரையைக் கட்டிப்போடாதிருக்க அச்சிறு அடி போதுமானதாயிற்று. இத்தொடக்கத்தில் அந்நகர்வைக் கொண்ட முறைக்கு இன்றைய நூல்கள் பெட்ரோசியான் பெயரைச் சூட்டியுள்ளன. அன்று பெட்ரோசியான் ஒரு வயதுக் குழந்தை.

பின்னர்க் காப்பபிளாங்காவின் இரு யானைகளும் உட்புகுந்து அரசனை நெருக்கின. சுல்தான் கான் ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் வெட்டினார். அதன்பின் அவசரமேயில்லை. 65 நகர்வுகளில் வெற்றி.

1966இல் மறைந்த அவருக்கு, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

அத்தாவும் வஃபாத்தாகிவிட்டார்கள். நான் காய்களைப் பரப்பியது அவர்களின் பழைய பலகையில்தான். ஐந்தாம் நகர்வுக்கு வந்தபோது, அந்தச் சிப்பாயை நகர்த்திய கையை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.