பச்சைப்பயறு சொன்ன பாடம்

மத்ரஸாவில் ஓதி ஸனது பெற்று, பின்னர் தமிழும் பயின்று, மேனிலைப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருப்பவன் நான். வேதியியலுக்கும் எனக்கும் நெடுந்தொலைவு. ஆயினும், வேதியியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாள், பதினோராம் வகுப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது.

மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஹஜ்ரத், இந்தப் பாடம் முன்னுக்குப்பின் முரணாக இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு அணுக்கருவினிடத்தில்தான் மிகச் செறிவு என்கிறது ஒரு படம். கருவிலிருந்து 0.529 ஆங்ஸ்ட்ராம் தொலைவில்தான் மிகுதி என்கிறது அடுத்த படம். எது மெய்? தனிப்பயிற்சியில் கேட்டால் மனனம் செய் என்கிறார்கள். புரியாததை மனனம் செய்ய முடியவில்லை. பாடப்பிரிவையே மாற்றிக்கொள்ளப் போகிறேன்."

'இது என் பாடமன்று, உட்கார்' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. இளமையில் பொருள் விளங்காமல் பக்கம் பக்கமாக மனனம் செய்தவன் நான். அன்று கேட்க அஞ்சிய கேள்விகள் சில இன்றளவும் விடையின்றி என் நெஞ்சில் கிடக்கின்றன. ஆகவே, "அறியேன் அம்மா. அறிந்துகொண்டு வந்து சொல்கிறேன். அதுவரை பிரிவை மாற்றாதே" என்றேன்.

மறுநாள் வேதியியல் ஆசிரியர்முன் மாணவனாக அமர்ந்தேன். அவர் யோசனைப்படி, பள்ளி முற்றத்தில் ஈரமணலைப் பரப்பி, ஒரு மையத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் ஐந்து வட்டங்கள் வரைந்தோம். மாணவர்கள் நின்றபடியே மையத்தைக் குறிவைத்துப் பச்சைப்பயற்றை ஒவ்வொன்றாகப் போட்டனர். எந்த மணி எங்கே விழும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. வட்டங்களுக்குள் விழுந்த 150 மணிகளையும் எண்ணினோம். நடுவட்டத்தில் 19, அதைச் சூழ்ந்த வளையத்தில் 41, மூன்றாவதில் 46, நான்காவதில் 30, ஐந்தாவதில் 14.

நெருக்கம் நடுவில், எண்ணிக்கையோ மூன்றாம் வளையத்தில்! வெளியே செல்லச் செல்லப் பயறு அருகுகிறது. ஆனால் வளையத்தின் பரப்பு விரிகிறது. அணுவோ மணற்பரப்பைப் போல் தட்டையானதன்று. வெங்காயம் போல் தோலின்மேல் தோலாக எண்ணிப் பார்க்கத் தக்கது. கருவை ஒட்டிய தோலில் செறிவு உண்டு, இடம் இல்லை. முதற்படம் செறிவைச் சொன்னது. இரண்டாம் படம் ஒவ்வொரு தோலிலும் உள்ள மொத்தத்தைச் சொன்னது. இரண்டும் மெய்யே!

நான் மகிழ்ச்சி மிகுந்து ஒரு விளக்கம் சேர்த்தேன்: "அரபியில் யகீன் என்றால் உறுதி, ளன்னு என்றால் உறுதிப்படாத எண்ணம். எலக்ட்ரான் ஏதோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்கிறது. நமக்குத் தெரியாததால் நிகழ்தகவு என்கிறோம்."

வேதியியல் ஆசிரியர் பணிவோடு மறுத்தார்.

"1913இல் நீல்ஸ் போர் எலக்ட்ரானுக்கு வட்டப்பாதை வரைந்தார். 1926இல் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டைத் தந்தார். அவ்வலையின் வர்க்கமே நிகழ்தகவைத் தரும் என்று அவ்வாண்டிலேயே மாக்ஸ் பார்ன் விளக்கினார். பயறு விழுந்த வழி ஒன்று உண்டு. நாம் கவனிக்கவில்லை, அவ்வளவே. அணுவுக்குள் எலக்ட்ரானுக்கோ அத்தகைய வழித்தடமே இல்லை என்பதுதான் அறிவியலார் பொதுவாக ஏற்கும் விளக்கம். ஆயினும் இது வெறும் ஊகமன்று, ஹஜ்ரத். இயல்பு நிலையிலுள்ள ஹைட்ரஜனில் 0.529 ஆங்ஸ்ட்ராமுக்குள் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 32, 1.41 ஆங்ஸ்ட்ராமுக்குள் ஏறத்தாழ 90. கணக்கிட்டே சொல்லலாம்."

மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தனர். "நான் சொன்னது பிழை, அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் அவ்வளவு அமைதியான வகுப்பை நான் கண்டதில்லை. ஓரிடத்தைச் சுட்ட முடியாத நிலையையும் இத்துணைத் துல்லியமாக அளந்து சொல்லலாம் என்பதை அன்றுதான் கற்றேன்.

அந்த மாணவி பிரிவை மாற்றவில்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கிறாள்.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளை 'எது மெய்?' என்று கேட்கும்போது விடை தெரியாவிடில், தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் அத்துடன் எழுந்து போய்விடாதீர்கள். பிள்ளையின் அருகிலேயே அமர்ந்து, தெரிந்தவரிடம் நீங்களும் கேளுங்கள்.