தொட்டிக்குள் நீண்ட கை

நமது வீட்டு மலசலகூடத்து நீர்த்தொட்டி இரண்டு மாதமாக இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒருமுறை இயங்கிய நீர்ப்பம்பி மூன்றுமுறை இயங்கத் தொடங்கியது. மின்சாரக் கட்டணச் சீட்டைக் கண்ட பின்னரே நாம் விழித்தோம். வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, மாரிமழை சுண்ணக்கல்லுக்குள் சேர்த்துவைக்கும் நீரே நமது கிணற்று நீர். அது மலக்குழிக்குள் வீணே ஓடிக்கொண்டிருந்தது.

“ஆரையேன் கூப்பிடுங்கோ மாஸ்டர். உதிலை நீங்கள் கைவைக்கிறதே?” என்றார் அயலவர். அந்த ‘ஆரோ’ எந்தக் குறிச்சியிலிருந்து வரவேண்டுமென்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது அடுப்படிக்குப் போகும் அதே கிணற்று நீர். எனினும் கை ஒருகணம் பின்வாங்கியது. வகுப்பறையிலே சமத்துவம் எழுதும் கை!

மிதவையை உயர்த்திப் பார்த்தோம்; நீர் நிற்கவில்லை. ஆகவே பிழை மிதவையின் மட்டத்தில் அன்று, வால்வின் வாயிலேயே. குழாயைப் பூட்டி, தொட்டியை வெறுமையாக்கி, வால்வைக் கழற்றினோம். இறப்பர் வாசர் குழிந்து தேய்ந்திருந்தது. சுற்றிலும் கேத்திலின் அடியிற் படிவது போன்ற வெண்சுண்ணப் படிவு. பழைய பற்தூரிகையாற் சுரண்டி அகற்றினோம். புதிய வாசர் ஒரு தேநீரின் விலைக்குக் கிடைத்தது. அன்றிரவு தொட்டி பேசவில்லை.

சில நாட்களின் பின் அயலவர் வந்தார். தம் வீட்டிலும் ஒழுகுகிறதாம். “வந்து திருத்தின ஆள் ஆர்?” என்று கேட்டார். ஆள் நாமே என்றோம். சிரித்தார், இன்னும் கூப்பிடவில்லை.