பேராசிரியரின் பியானோ

பியானோ பழகத் தொடங்குகிறவர்களுக்கு இடக்கை என்பது வெறும் துணைக்கை. வலக்கை பாட்டை இசைக்கும். இடக்கை அதன் பின்னாலேயே செல்லும். சில ஆண்டுகள் சென்றபின்தான் பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் சிறு பயிற்சிகள் வருகின்றன. 1723-இல் கற்போருக்காக அவர் தொகுத்த அந்தப் பதினைந்திலும் இடக்கைக்குச் சொந்தப் பாட்டு உண்டு. ஒன்று கேட்க, மற்றொன்று விடை கூறும். சில இடங்களில் முரண்டும் பிடிக்கும். "இரண்டையும் கேட்டுக்கொண்டே வாசி" என்பார் எங்கள் இசையாசிரியை. நான் அவற்றோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில்தான் எட்வர்ட் சயீத் என்னும் இலக்கியப் பேராசிரியரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அவரைப் பற்றித் தோழியருக்குக் கூற விழைகிறேன்.

அவர் 1935 நவம்பர் முதல் நாள் எருசலேமில் பிறந்தார். பாலஸ்தீனக் கிறிஸ்தவக் குடும்பம், தாயார் நாசரேத்தூர்க்காரர், தந்தையார் கெய்ரோவில் வாணிகம் செய்தார். பெயரிலேயே இரண்டு குரல்கள்! 'எட்வர்ட்' இங்கிலாந்து இளவரசரை எண்ணி வைத்தது. 'சயீத்' அரபுப் பெயர். தம் முதல் மொழி அரபா, ஆங்கிலமா என்பது தமக்கே தெரியவில்லை என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கெய்ரோவில் அவர் பயின்ற விக்டோரியா கல்லூரி என்ற பள்ளியில், ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் தண்டனை. மாணவர்கள் சும்மா இருப்பார்களா? அரபு மொழியே அவர்களுக்கு எதிர்ப்பு மொழியாயிற்று. (இந்தப் பகுதியை நான் உரக்கப் படித்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்புக்குக் காரணம் கூற வேண்டியதில்லை.)

1948-இல் இஸ்ரேல் உருவானபோது ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். சயீத்தின் உறவினரும் எருசலேமை விட்டுச் சிதறினர். கெய்ரோவில் அவருடைய அத்தை நபீஹா, அகதிகளுக்கு உதவி தேடி நாள்தோறும் அலைந்ததைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவர் கண்டார். பின்னர் அதே கெய்ரோவில் அவருக்குப் பியானோவின் நுட்பங்களைக் கற்பித்த இக்னாஸ் டீகர்மன் யார் தெரியுமா? போலந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு யூதர்! அந்த ஆசிரியர் மீது சயீத் வாழ்நாள் முழுவதும் அன்பும் மதிப்பும் வைத்திருந்தார்.

1951-இல் பெற்றோர் அவரை அமெரிக்க விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். பிரின்ஸ்டன், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் பயின்றார். இசையா, இலக்கியமா என்ற தயக்கத்தில் இலக்கியம் வென்றது. 1963 முதல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகள், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டவர் ஜோசப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, கப்பலில் பணிபுரிந்து, இருபது வயதுக்குப் பின் கற்ற ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதியவர். தம்மைப் போல் இடம் பெயர்ந்த ஒருவரைத்தான் தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கீழை நாடுகளை மேனாட்டார் எப்படிச் சித்திரித்தார்கள் என்பதை ஆராய்ந்து 1978-இல் அவர் வெளியிட்ட நூல்தான் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் என்னை உறங்கவிடாமல் செய்தது 1993-இல் வந்த மற்றொரு நூல். அதில் ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்பீல்டு பார்க்' நாவலை எடுத்துக்கொள்கிறார். நான் விரும்பிப் படித்த நாவல் அது! அழகிய மாளிகை, தோட்டம், நல்லொழுக்கம் எல்லாம் அதில் உண்டு. மாளிகைத் தலைவருக்கு ஆன்டிகுவா தீவில் நிலம் இருப்பதாக ஓரிரு வரிகள் வரும். நான் அவற்றைக் கடந்து போயிருந்தேன். அக்காலத்தில் அத்தீவில் கரும்பு விளைந்தது அடிமைகளின் உழைப்பால். கதாநாயகி பேனி ஒருநாள் அடிமை வாணிகம் பற்றிக் கேட்கிறாள். வீடே மௌனமாகி விடுகிறது. அந்த மௌனத்தில் ஓர் இடக்கைப் பாட்டு இருக்கிறது என்கிற பொருளில், இசையிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து இப்படிப் படிக்கும் முறைக்குப் பெயரிட்டார் சயீத்.

அப்படியானால் அந்த நாவலை இனி வெறுக்க வேண்டுமா என்று பல நாள் கலங்கினேன். தமிழ் வீட்டில் பிறந்து, ஆங்கில நாவல்களில் மகிழ்ந்து திரியும் என்னைப் போன்றவளுக்கு இது சிறிய கேள்வியன்று. சயீத் ஆஸ்டினை ஒதுக்கிவிடவில்லை. இறுதிவரை ஆங்கில நாவலை விருப்பத்துடன் கற்பித்தார். பேனியின் கதையும் கேட்க வேண்டும், கரும்புத் தோட்டத்தின் கதையும் கேட்க வேண்டும் என்பதே அவர் வழி. இந்த விடை எனக்கு முழு நிம்மதி தரவில்லை; ஆனால் நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

இசையையும் அவர் கைவிடவில்லை. 1986 முதல் 'தி நேஷன்' இதழில் இசை விமரிசனம் எழுதினார். 1991-இல் இரத்தப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை அளித்த இந்திய மருத்துவர் காந்தி ராய்க்கும் தம் துணைவியார் மரியத்துக்கும் தன்வரலாற்றைக் காணிக்கையாக்கினார். அந்நூல் வந்த 1999-ஆம் ஆண்டிலேயே, இஸ்ரேலிய இசைக்கலைஞர் டேனியல் பாரன்பாயிமுடன் சேர்ந்து, அரபு இளைஞரையும் இஸ்ரேலிய இளைஞரையும் ஜெர்மனியின் வைமார் நகரில் ஓர் இசைக்குழுவாகக் கூட்டினார். ஹிட்லரின் புக்கன்வால்ட் வதைமுகாம் அந்நகருக்கு அருகில்தான் இருந்தது. ஒரு சிரியரும் ஓர் இஸ்ரேலியரும் ஒரே இசைத்தாளைப் பார்த்து ஒரே சுரத்தை எழுப்ப முயன்றார்கள். இசை போரை நிறுத்திவிடுமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தனர். நிறுத்தவில்லைதான், குழு இன்னும் வாசித்து வருகிறது.

2003 செப்டம்பர் 25-இல் சயீத் நியூயார்க்கில் காலமானார். அடுத்த ஆண்டு பாலஸ்தீனத்தின் தேசிய இசைப்பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டினர். அங்கு பிள்ளைகள் பியானோவும் பழகுகிறார்கள், அரபு இசையும் பழகுகிறார்கள்.